ஒற்றை எழுத்துக்கா இத்தனை கஞ்சத்தனம்?

பெரம்பலூர் வட்டாரத்துப் பருத்திக் காட்டிலே காலையில் ஆள் கணக்கு எடுக்கிறார்கள். “ஆம்பளை ஆளு மூணு, பொம்பளை ஆளு பன்னிரண்டு!” மாலையில் கூலி கொடுக்கும்போதும் அதே கணக்குத்தான். ஆணுக்கு ஒரு கூலி. பெண்ணுக்கு அதிலே குறைத்து ஒரு கூலி. வெயில் எல்லார் முதுகிலும் ஒன்றுபோலத்தான் காய்ந்தது. வியர்வை ஒன்று, களைப்பு ஒன்று. கூலி மட்டும் இரண்டு!

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் அரசாங்கக் காகிதத்தில் ஒரு பெயர் உண்டு: விவசாயத் தொழிலாளர். ஊர் வாயில் அவர்களுக்கு வேறு பெயர்: கூலிக்காரி, வேலைக்காரி, களை வெட்டுகிறவள். இந்த இரண்டு பெயர்களுக்கும் இடையில் கிடக்கும் தூரத்தைப் பற்றித்தான் இன்று தோழர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

தொழிற்பெயரில் ஆண் பெண் பேதம் கூடாது என்ற பேச்சு இன்று உலகெங்கும் கேட்கிறது. ஆங்கிலத்திலே போலீஸ்மேன், சேர்மன், பேட்ஸ்மேன் என்று சொல்லுக்குள்ளேயே ஓர் ஆண்மகன் உட்கார்ந்திருக்கிறான். அவனை எழுப்பி அனுப்பப் பெரும்பாடு படுகிறார்கள். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி., 2021 செப்டம்பரில்தான் ‘பேட்ஸ்மேன்’ என்பதை மாற்றிப் ‘பேட்டர்’ என்றது. இந்தியிலும் இந்தச் சங்கடம் உண்டு. 2007-இல் பிரதீபா பாட்டீல் அந்தப் பதவிக்கு வந்தபோது, ‘ராஷ்டிரபதி’ என்று பெண்ணை எப்படி அழைப்பது என்று விவாதம் எழுந்தது. ‘பதி’ என்றால் தலைவன். கணவன் என்றும் பொருள். 2022-இல் ‘ராஷ்டிரபத்னி’ என்ற சொல் ஓர் உறுப்பினர் வாயில் வந்து நாடாளுமன்றமே அமளிப்பட்டது.

தமிழுக்கு அந்தத் தொல்லை உண்டா? குடியரசுத் தலைவர் என்றோம், முடிந்தது வேலை! வந்தான் என்பது ஆண்பால், வந்தாள் என்பது பெண்பால், வந்தார் என்பது பலர்பால். பலரைக் குறிக்கப் பிறந்த அந்த ‘ர்’ ஒருவரை மதித்துச் சொல்லவும் பயன்பட்டது. மருத்துவர், ஆசிரியர், ஓட்டுநர், நடத்துநர், காவலர், பொறியாளர். இவற்றில் எதுவும் “நீ ஆணா, பெண்ணா?” என்று கேட்பதில்லை. வேலை தெரியுமா என்று மட்டுமே கேட்கிறது.

பெயர் விரிந்தால் கதவும் விரியும் என்பதற்கு நம் ஊர்களே சாட்சி. மணியக்காரர், கணக்குப்பிள்ளை என்ற பதவிகள் ஒருகாலத்தில் தகப்பனுக்குப் பின் மகன் என்று பரம்பரைச் சொத்தாக இருந்தன. 1980-இல் தமிழக அரசு அந்தப் பரம்பரை முறையை ஒழித்தது. தேர்வு எழுதி வருகிறவர் கிராம நிர்வாக அலுவலர் ஆனார். இன்று பட்டாவுக்கும் அடங்கலுக்கும் எத்தனையோ ஊர்களில் நாம் போய் நிற்பது ஒரு பெண் அலுவலர் முன்புதான். 1973-இல் தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தார்கள். 1993-இல் குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் ஆனார். சக்கரம் கழன்றா ஓடிவிட்டது?

ஆனால் தோழர்களே, அந்த ‘ர்’ எங்கே வரை வந்திருக்கிறது என்று பாருங்கள். மேசை வரை வந்தது. மின்விசிறி சுழலும் அறை வரை வந்தது. களைக்கொத்து பிடித்த கைக்கு வரவில்லை.

கட்டட வேலைக்கு வாருங்கள். கல் வைத்துப் பூசுகிற ஆண் ‘கொத்தனார்’. பெயரிலேயே மரியாதை! கலவை சுமக்கிற பெண் ‘சித்தாள்’, அதாவது சின்ன ஆள். கூட வந்த பையன் நாலைந்து வருடத்தில் கரணையைக் கையில் எடுத்துக் கொத்தனார் ஆகிவிடுகிறான். இருபது வருடம் சட்டி சுமந்த பெண், தலை நரைத்தும் சின்ன ஆள்தான்! அரியலூர்ச் சீமையின் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி நாடெங்கும் மாளிகையாக எழுகிறது. அந்தச் சிமெண்டைக் குழைத்துச் சுமக்கிறவளுக்கு ஓர் உயர்வு இல்லை.

ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கம் முந்திரி பொறுக்குவது யார்? செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் நடுவதும் அரிவதும் யார்? பெரும்பாலும் பெண்கள். ஆனால் ‘விவசாயி’ என்றதும் நம் கண்முன் வருவது தலைப்பாகை கட்டிய ஆண். எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைகளையொட்டி வந்த 2007-ஆம் ஆண்டு தேசிய விவசாயிகள் கொள்கை, நிலம் உள்ளவர் மட்டுமல்ல, உழைக்கும் கூலியாளும் விவசாயிதான் என்று வகுத்தது. பெண்களையும் அதில் சேர்த்தது. காகிதம் ஒப்புக்கொண்டதை ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

“பெயரா ஐயா சோறு போடும்? கூலியைக் கேளுங்கள்!” என்பார் ஒரு நண்பர். நியாயமான கேள்வி. துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினோம். அதனால் மட்டும் ஒப்பந்தக் கூலியின் துயரம் தீர்ந்துவிடவில்லை. பெயரை மாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது ஏமாற்று. ஆனால் கூலி எப்படிக் குறைகிறது என்று யோசியுங்கள். முதலில் ‘பொம்பளை ஆளு’ என்று தனியே பிரிக்கிறார்கள். பிரித்த பிறகுதான் குறைக்கிறார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-இல் வந்தது. 2019-இன் ஊதியச் சட்டத்தொகுப்பும் அதையே சொல்கிறது. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டம் ஆண் பெண் இருவருக்கும் ஒரே கூலி வைத்தது. அங்கே ‘தொழிலாளர்’ என்ற ஒரே பெயரில் பதிந்தார்கள்; ஒரே கூலி வந்தது. பெயர் சோறு போடாதுதான். ஆனால் இலையை எங்கே போடுவது என்று தீர்மானிப்பது பெயர்தான்!

இன்னொரு நண்பர், “பெண் ஓட்டுநர் என்று சொன்னால்தானே பெருமை?” என்பார். எத்தனை பெண்கள் பணியில் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கும்போது சொல்லுங்கள், சொல்லத்தான் வேண்டும். அன்றாடம் அழைக்கும்போது எதற்கு? ஆண் ஓட்டுநர் என்று யாரையாவது அழைக்கிறோமா?

இனி நம் முதுகையும் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் ஆயிற்று. 2019 டிசம்பரில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் அதன்படி வாக்களித்தன. ஊராட்சி மன்றத் தலைவர் என்று சான்றிதழில் இருந்தது பெண்ணின் பெயர். தேநீர்க் கடையில் “தலைவரே, வாங்க!” என்று நாம் அழைத்தது யாரை? பல ஊர்களில் அவருடைய கணவரை! வாக்குப் பெற்றவர் ‘தலைவரம்மா’ ஆகி அடுப்படிக்குப் போனார்; வாக்குப் பெறாதவர் தலைவர் ஆகி நாற்காலியில் அமர்ந்தார். சட்டம் கொடுத்த ‘ர்’-ஐ நடுவழியில் பறித்தது யார்? நாம்தான்.

தோழர்கள் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. தலைவர் என்றால் வென்றவரையே அழையுங்கள். சுவரொட்டியிலும் மேடையிலும் ‘கூலிக்காரி’, ‘வேலைக்காரி’ வேண்டாம். தொழிலாளர் என்று எழுதுங்கள், சொல்லுங்கள். கட்டடத் தொழிலாளர் சங்கத்தில் இருப்பவர்கள் ஒரு சித்தாளின் கையில் கரணையைக் கொடுத்துத் தொழில் பழக்குங்கள். கூலி பேசும் இடத்தில் ஆள் கணக்கை ஒன்றாக எடுக்கச் சொல்லுங்கள்.

1932-இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய பெரியார், ஸ்ரீயும் ஸ்ரீமதியும் வேண்டாம், எல்லாரையும் தோழர் என்றே அழைப்போம் என்றார். அந்தச் சொல்லின் கடைசியிலும் அதே ‘ர்’ நிற்கிறது. மேடையில் நம்மை நாமே தோழர் என்று அழைத்துக்கொள்கிறோம். நாளைக் காலை பருத்திக் காட்டுக்குப் போகும் அந்தப் பன்னிரண்டு பேரையும் அப்படி அழைக்க நம் நாக்குப் பழகட்டும். அன்று மாலை கூலியையும் ஒரே கையால் எண்ணிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கும் துணிவு தானே வரும்!