வெற்றியைத் தீர்மானிப்பது வாக்கா, எல்லையா?

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் 48 மாநிலங்கள், அதிக வாக்குப் பெற்றவருக்கே தமது தேர்தல் கல்லூரி வாக்குகள் அனைத்தையும் வழங்குகின்றன. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் இரு வாக்குகளை மாநில வெற்றியாளருக்கும், ஏனையவற்றைக் காங்கிரஸ் தொகுதிவாரியாகவும் வழங்குகின்றன. எல்லா மாநிலங்களும் இவ்வாறு மாறினால் சிறுபான்மையினரின் வாக்கு வீணாகாது என்றே நானும் எண்ணியிருந்தேன்.

2012 முடிவுகள் அந்த எண்ணத்தை மாற்றின. சுமார் 50 இலட்சம் மேலதிக வாக்குகளால் வென்ற ஒபாமா, நாடெங்கும் தொகுதிவாரி முறை இருந்திருந்தால் ரொம்னியிடம் 264க்கு 274 எனத் தோற்றிருப்பார். ஒபாமாவின் வாக்குகள் நகரத் தொகுதிகளில் குவிந்திருந்தன. பல மாநிலங்களில் எல்லைகளை வரைந்ததும் ரொம்னியின் கட்சியே.

2018இல் மாகாண சபை எல்லை நிர்ணய அறிக்கை நம் பாராளுமன்றத்தில் நிராகரிக்கப்பட்டதைக் கண்ட நமக்கு இது விளங்காததல்ல. முறையை மாற்றுமுன், எல்லை வரையும் பேனா யார் கையில் என்று கேட்க வேண்டும்.