தோளைத் தளர்த்தத் தெரியுமா?

திருவொற்றியூரிலிருந்து ஓர் இளம் தாய் எழுதுகிறார்: "இடுப்பில் கைக்குழந்தை, மறு கையில் தண்ணீர்க் குடம். ஆறு மாதமாகக் கழுத்தும் தோளும் கல்லாகக் கிடக்கிறது. பிசியோதெரபிக்குப் போனால், 'தோளைத் தளர்த்துங்கம்மா' என்கிறார்கள். தளர்த்தித்தானே இருக்கேன்! ஏதோ மெஷின் வைத்துப் பார்க்கணுமாம். கரண்ட் வைப்பாங்களோன்னு பயமாயிருக்கு."

பயமே வேண்டாம், சகோதரி. அதன் பெயர் எலக்ட்ரோமயோகிராஃபி, சுருக்கமாக ஈ.எம்.ஜி. அது உடம்புக்குள் கரண்டைச் செலுத்துவதில்லை. தசை வேலை செய்யும்போது தானாகவே உண்டாகும் மின்சாரத்தை அளக்கிறது, அவ்வளவுதான். டார்ச் லைட் செல் ஒன்று 1.5 வோல்ட். ஓய்ந்த தசையில் கிடைப்பதோ, ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் சில பங்குதான்!

தோளைத் துடைத்துவிட்டு, பொட்டு மாதிரி வில்லைகளை ஒட்டுவார்கள். (நரம்பு நோயைக் கண்டறிய ஊசி குத்திச் செய்வது வேறு.) தோளைத் தூக்கினால் அளவு ஏறும், இறக்கினால் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால், நீங்கள் குடத்தை வைத்த பிறகும் தசை அதைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். சும்மா படுத்திருப்பவரிடமும் இப்படி இறுக்கம் மிஞ்சும் என்று கவனித்தவர் அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன். படிப்படியாகத் தசை தளர்த்தும் பயிற்சியை 1929-ல் நூலாகவே வெளியிட்டார்.

ஒன்றை மறக்காதீர்கள். அளவு குறைவாக வந்தால் வலி பொய் என்றாகாது. தசை அமைதியாக இருந்தும் வலிக்கலாம். "மெஷினே ஒண்ணுமில்லேன்னுடுச்சே" என்று வீட்டில் யார் சொன்னாலும் மனம் தளர வேண்டாம். பக்கத்து வீட்டம்மாவின் அளவோடும் ஒப்பிடாதீர்கள். தோலின் தன்மை, கொழுப்பு, வில்லை ஒட்டிய இடம் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி: குழந்தை தூங்கும்போது நாற்காலியில் சாய்ந்து உட்காருங்கள். தோள்களைக் காதை நோக்கி மெதுவாகத் தூக்கி 5 விநாடி நிறுத்துங்கள். மூச்சை விட்டபடி அப்படியே தொப்பென்று விடுங்கள். 20 விநாடி அந்தத் தளர்ச்சியைக் கவனியுங்கள். ஐந்து முறை போதும். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள்.

கை மரத்துப்போனாலோ, பிடி நழுவினாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. நெஞ்சு வலியும் சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, வீட்டுக்காரருக்கு: நாளை முதல் அந்தக் குடத்தை நீங்கள் தூக்குங்களேன்!