மஞ்சள் விசரின் நிறமல்ல

வான்கோ என்றதும் நாங்கள் அறுத்த காதைப் பற்றித்தான் கதைக்கிறோம். அவருடைய மஞ்சளையும் விசரின் நிறமென்று சொல்லி முடித்துவிடுகிறோம். இது படம் பார்க்கப் பஞ்சிப்படுகிறவர்களின் கதை.

'விதைப்பவன்' ஓவியத்தைப் பாருங்கோ. 1888 ஜூனில் தென் பிரான்ஸின் ஆர்லில் வரைந்தது. காதை அறுத்ததோ அந்த டிசம்பரில். சூரியனும் வானமும் மஞ்சள், உழுத மண்ணெல்லாம் ஊதா. எதிர்நிறங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைத் தூக்கிக் காட்டும். அந்த வெயில் அப்படி வந்ததுதான். இது தற்செயலுமில்லை: எங்கே எந்த நிறமென்று நண்பர் எமில் பெர்னாருக்குக் கடிதத்தில் விளக்கியே எழுதியிருக்கிறார்.

அவர் பட்ட துன்பத்துக்கு இரங்குவோம். ஆனால் அவருடைய படிப்பையும் உழைப்பையும் நோயின் கணக்கில் எழுத நாங்கள் ஆர்?