பவர் பட்டன் மேல என்னய்யா கோபம்?

எங்க லேப்ல உபுண்டு உறைஞ்சு நின்னா ஒரே வைத்தியம்தான். மவுஸை ரெண்டு ஆட்டு, உடனே பவர் பட்டன். ஏன்யான்னு கேட்டா, "எக்ஸ்ட்4ல ஜர்னலிங் இருக்கு, ஒண்ணும் ஆகாது"ன்னு அறிவாளித்தனமா பதில் வேற.

மக்களே, ஜர்னல் காப்பாத்துறது ஃபைல் சிஸ்டத்தோட கட்டமைப்பை. உங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை இல்லை! சேவ் கொடுத்த உடனே எல்லாம் டிஸ்குக்குப் போயிடாது. எடிட்டரே வற்புறுத்தினா ஒழிய, லினக்ஸ் அதை மெமரியில வெச்சிருந்து சுமார் 30 நொடி கழிச்சுதான் எழுத எடுக்கும். அதுக்குள்ள கரண்டைப் பிடுங்கினா, டிஸ்க் ஜம்முனு மவுண்ட் ஆகும், உள்ள பழைய ரிப்போர்ட் இருக்கும்.

திரை நின்னா கெர்னல் செத்துப்போச்சுன்னு யார் சொன்னது? பல நேரம் ரேம் நிரம்பி ஸ்வாப்ல தத்தளிச்சிட்டு இருக்கும். கன்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அடிங்க. எழுத்துத் திரை வந்தா லாகின் பண்ணி, டாப் கமாண்ட்ல குற்றவாளியைப் பிடிச்சு கில் பண்ணுங்க. பொட்டியில எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடுதுன்னா பக்கத்து மெஷின்லேர்ந்தும் நுழையலாம்.

எதுவும் முடியலைன்னா ஆல்ட்டையும் சிஸ்ஆர்க்யூவையும் (ப்ரின்ட் ஸ்க்ரீன் கீதான் அது) பிடிச்சுக்கிட்டு ஆர், இ, ஐ, எஸ், யூ, பி. ஆர் கீபோர்டை கிராஃபிக்ஸ் கிட்டேர்ந்து மீட்கும். இ எல்லா புரோகிராமையும் மரியாதையா மூடச் சொல்லும். விம் மாதிரி எடிட்டர் இந்த இடைவெளியிலதான் ஸ்வாப் ஃபைலைப் பத்திரப்படுத்தும். ஐ கழுத்தைப் பிடிச்சுத் தள்ளும். எஸ் பாக்கியை டிஸ்க்ல எழுதும், யூ டிஸ்கை ரீட்-ஒன்லி ஆக்கும், பி ரீபூட். நடுவுல சில நொடி விடணும், பியானோ வாசிக்கக் கூடாது :)

என் உண்மையான கடுப்பு உபுண்டு மேலதான். அதுல இதோட மதிப்பு 176. அதாவது 128+32+16, எஸ், யூ, பி மட்டும்தான். வேலையைக் காப்பாத்துற 'இ'க்கே பூட்டு! கேட்டா, கீபோர்டைத் தொடறவன் ஸ்க்ரீன் லாக்கைக் கொன்னு உள்ள வந்துடுவானாம். லேப் மெஷினுக்கு நியாயம். ஹாஸ்டல் ரூம்ல தனியா கிடக்கிற என் லேப்டாப்புக்கு எதுக்கு? ரூட்டா போய் கெர்னல்.சிஸ்ஆர்க்யூ மதிப்பை 244 ஆக்குங்க, ஆறு எழுத்தும் வேலை செய்யும்.

கெர்னலே உறைஞ்சு எதுக்கும் அசையலைன்னா, சரி, பட்டனை அழுத்துங்க. ஆனா 176லயே எஸ்-யூ-பி ஓடுதே, லேப்ல அதையாவது ஒரு தடவை அடிச்சுப் பார்த்தவன் யாரு?