கடல் கடந்து வந்த பாட்டு



திருவில்லிபுத்தூரிலிருந்து தாய் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். பதினேழு வயது மகன் எந்நேரமும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு ஆங்கில ராக் இசை கேட்கிறானாம். மாலைச் செபமாலைக்கு அழைத்தாலும் அவன் செவியில் விழுவதில்லையாம். "கைபேசியைப் பிடுங்கி வைத்துவிடலாமா?" என்று கேட்கிறார். இராசபாளையத்துப் பெற்றோர் சிலரும் இதையே நேரில் கேட்டதுண்டு.

விடை கூறுமுன் ஒரு பழைய கதை. பிடுங்கி வைத்துப் பார்த்த ஒருவரின் கதை அது.

1952-இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானவர் பி.வி. கேஸ்கர். கெட்ட மனிதர் அல்லர், செவ்விசையில் ஊறியவர். சாமானியரும் நல்ல சங்கீதம் கேட்கவேண்டும் என்று விரும்பினார். அதற்காகத் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய அகற்றியே விட்டார். மக்கள் செவ்விசைக்குத் திரும்பினரோ? இல்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத்தான் திருப்பினர்!

முள் போய் நின்ற இடம் இலங்கை. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைவீரர்களுக்காகக் கொழும்பிலிருந்து ஒலிபரப்பிய நிலையத்தின் வலிய கருவிகள் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தன. 1950-இல் அங்கே வர்த்தக சேவை தொடங்கியது. 1952-இல் பினாக்கா பற்பசையின் பெயரால் வந்த இந்திப் பாடல் நிகழ்ச்சி வட இந்தியாவைக் கட்டிப்போட்டது. நம் பக்கத்தில் மயில்வாகனனும், பின்னாளில் அப்துல் ஹமீதும் கே.எஸ். ராஜாவும் வீட்டுப் பிள்ளைகள் போலாயினர். ஆலைத் தொழிலாளர் கூடும் தேநீர்க் கடையிலும் பால்கோவாக் கடை வாசலிலும் கேட்டது கொழும்பின் குரலே. காசில்லாமல் கேட்கிறோம் என்று எண்ணினோம். பற்பசை வாங்கியபோது அந்தக் காசைக் கொடுத்தோம் என்பது பிறகுதான் விளங்கிற்று.

அதே நிலையத்தின் ஆங்கிலப் பிரிவில் எல்விஸ் பிரெஸ்லியும், பின்னர் பீட்டில்ஸும் ஒலித்தனர். இன்று மகனைக் கடியும் தந்தையரில் சிலர், அன்று பெட்டியின் ஒலியைத் தாழ்த்திக்கொண்டு அவற்றைக் கேட்டவர்களே! அப்பாடல்களை அறிமுகம் செய்த புகழ்பெற்ற அறிவிப்பாளர் வெர்னன் கொரெயா, ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகன் என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

போனவர்களைத் திரும்ப அழைக்க டெல்லி என்ன செய்தது? 1957 அக்டோபர் 3-ஆம் நாள் 'விவித பாரதி'யைத் தொடங்கி, தானே திரைப்பாடல்களை வழங்கிற்று. 1967-இல் விளம்பரங்களையும் ஏற்றது. தடை நிலைக்கவில்லை.

ஆகவே, அம்மா, பிடுங்கவேண்டாம். அதற்காக வாளாவிருக்கவும் வேண்டாம். சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றி 1963-இல் சங்கம் வெளியிட்ட ஆணை, தேர்ந்து கேட்கும் கடமையை இளைஞர்க்கும், கவனிக்கும் கடமையைப் பெற்றோர்க்கும் வைத்திருக்கிறது. கேட்காமலே எதைக் கவனிப்பது? ராக் பாடல்களில் போரை வெறுத்து அழுபவையும் உண்டு. போதையைப் புகழ்பவையும் உண்டு. எது எதுவென்று அவனையே பொருள் சொல்லச் சொல்லுங்கள். செபமாலை நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவேண்டாம்.

இவ்வாறே எழுதி அனுப்பினோம். மறுமடல் வந்தது. மகன் ஒரு கருவியைத் தாயின் காதில் வைத்தானாம். "ஒரே இரைச்சல், ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் மத்தளக்காரன் நன்றாக அடிக்கிறான்" என்று எழுதியிருக்கிறார். அன்று செபமாலை கால் மணி நேரம் பிந்தித் தொடங்கியதாம். முதல் மறையுண்மையை அவனே தொடங்கினானாம்.