பையில் நாலு பழம்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பும் நம் சங்க அன்பர்கள் சிலர், "பையில் நாலு பழம் கொண்டுவந்தால் என்ன கெட்டுவிடும்?" என்று கேட்கிறார்கள். 2003-ஆம் ஆண்டுத் தாவரத் தடைகாப்பு ஆணையின்படி, இறக்குமதியாகும் பழத்துக்கு முன்அனுமதியும் அனுப்பும் நாட்டின் நலச் சான்றிதழும் வேண்டும். கப்பல் சரக்குக்கு அது சரி, கைப்பைக்கு எதற்குக் கெடுபிடி என்பது அவர்கள் கட்சி. பூச்சிக்கு இரண்டும் ஒன்றுதான். பழ ஈ தோலுக்கடியில் முட்டையிடும். வெளியே பழம் பளபளவென்றிருக்கும், கழுவினாலும் போகாது.

மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோவையில் தலைகாட்டியது. பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவி விவசாயிகளை அழவைத்தது. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதற்கு எதிரியான சிறு குளவிகளை வரவழைத்து விட்ட பிறகே அடங்கியது.

2014-ல் பழ ஈயைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தைத் தடுத்தபோது கொதித்தோம். நாம் சோதனையை இறுக்கிய பிறகு 2015-ல் தடை நீங்கியது. அவர்கள் தோட்டத்தை அவர்கள் காத்தார்கள். நம் தோட்டத்தை நாம் காக்க வேண்டாமா?

ரயில்வேயில் தண்டவாள விரிசலைக் கண்ணுக்குத் தெரியுமுன்பே கருவி வைத்துத் தேடுவோம். வண்டி கவிழ்ந்தபின் தேடி என்ன பயன்? ஆகவே, விமான நிலையத்தில் அதிகாரி பழத்தைக் கேட்டால் வாதாடாமல் கொடுத்துவிடுங்கள். அதைவிட, பேரன் தரும் பழத்தை அங்கேயே அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.