மாணவர் கையில் கேமரா: தமிழ், சமூக அறிவியல் வகுப்புகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

வேளச்சேரி வட்டாரப் பள்ளிகளில் தமிழும் சமூக அறிவியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாங்கள். வகுப்பில் காணொளி வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் முடிந்துபோனது. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் குறியீடு அச்சானது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, மறு ஆண்டு பள்ளிகள் மூடிக்கிடந்தபோது பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாகவே இருந்தது. அந்தப் பயனை மதிக்கிறோம். நாங்கள் கேட்பது அடுத்த படி: கேமராவும் ஒலிப்பதிவும் மாணவர் கைக்கு வர வேண்டும்.

இதயம் இயங்கும் விதத்தை ஓர் அசைபடம் தெளிவாக்கிவிடும். வரலாறு அப்படிப் பிடிபடாது. பின்னணி இசையோடு ஓடும் சோழர் படத்தில், இதை யார் சொன்னார்கள், எந்தச் சான்றை வைத்துச் சொன்னார்கள் என்று கேட்க இடமே இருப்பதில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள், நம்புகிறார்கள், தேர்வில் எழுதிவிடுகிறார்கள்.

சான்றுகளோ நம் ஊரிலேயே இருக்கின்றன. தண்டீஸ்வரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உண்டு. கோயிலில் அனுமதி பெற்று, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி படமெடுத்தால் தேய்ந்த எழுத்தும் ஓரளவு துலங்கும். அதைத் திரையில் பெரிதாக்கி எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். பழைய நிலப்படத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்தால் வேளச்சேரி ஏரி சுருங்கிய கதை தெரியும். பழைய நூல்களையும் இதழ்களையும் தேட, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது.

எல்லாவற்றிலும் நாங்கள் பெரிதாக எண்ணுவது வாய்மொழிப் பதிவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது, யார் யாருக்குச் சோறு கொடுத்தார்கள் என்று தாத்தா பாட்டியிடமும் அக்கம்பக்கத்திலும் பிள்ளைகள் கேட்டுப் பதிவு செய்யட்டும். ஒரே தெருக்காரர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொல்லக்கூடும். எதை ஏற்பது, ஏன் ஏற்பது என்று மாணவர் தடுமாறும் அந்த இடத்தில்தான் வரலாற்றுப் பாடம் ஆரம்பிக்கிறது. அந்தப் பேச்சை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுத்தில் இறக்குவது நல்ல தமிழ்ப் பயிற்சியும்கூட.

சில நிபந்தனைகளில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். வீட்டிலிருந்து செல்போன் கொண்டுவரச் சொல்லக் கூடாது. இல்லாத பிள்ளை கூனிக்குறுகும். கருவியைப் பள்ளியே தர வேண்டும், நான்கைந்து பேருக்கு ஒன்று போதும். பேசியவரின் சம்மதமின்றி எந்தப் பதிவும் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது. ஆசிரியர்களுக்கு இதற்கென்று பாடவேளை ஒதுக்க வேண்டும். வளரறி மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண் உண்டு என்று பள்ளிக் கல்வித் துறை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மதிப்பெண் இல்லாத வேலையை, பத்தாம் வகுப்பு நெருங்க நெருங்க, எந்தப் பெற்றோரும் அனுமதிப்பதில்லை.